தைப்பூசத்துக்கு முன் வந்த ரிப்போர்ட்

1

வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு எழுதினால் தனக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் விடமாட்டான். நானும் விட்டதில்லை. பினாங்குக்கு வந்த இந்தப் பதினோரு வருடத்தில் வாங்கிய பாராட்டுக் கடிதம், பூங்கொத்து, கேக் வெட்டிய படம் எல்லாம் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். இந்த முறையும் ஒரு மரியாதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை வாங்கிக்கொண்டு நின்றபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தைப்பூசத்தன்று காலை மகள் அபியோடு மலைக்கோயில் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். அவளுக்குப் பதினான்கு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். காரைக் 'காடி' என்பாள், காலையில் என்னைப் பார்த்துப் 'பசியாறிட்டீங்களா' என்பாள், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' சேர்ப்பாள், நான் பேசும் தமிழ் சினிமாத் தமிழ் என்று கேலி செய்வாள். காலடியில் உடைந்த தேங்காய்ச் சில்லு. பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. அந்தச் சத்தத்திலும் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, ஆஸ்பத்திரி அண்ணே."

யார் குரல் என்று உடனே தெரிந்துவிட்டது. காது கேட்காதவன் போல நடையை எட்டிப் போட்டேன். அபிதான் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, அந்த ஆன்ட்டி உங்களத்தான் கூப்புடுறாங்க லா."

வசந்தா. சிம்பாங் அம்பாட்டில் வீடு, மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தண்ணீர்ப் பந்தலில் சீராப் என்கிற சிவப்புச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஜக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னைப் பந்தலுக்குள் அழைத்துப் போனார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய கணவர் குணா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், ஆனால் நன்றாக இருந்தார். வசந்தா பந்தலில் இருந்தவர்களிடம் சொன்னார்:

"இந்த அண்ணன்தான். இவரு மட்டும் அன்னிக்கி அவசரமா பாத்துக் குடுக்கலன்னா எங்க வீட்டுக்காரரு இன்னிக்கி இங்க உக்காந்திருக்க மாட்டாரு."

யாரோ ஒரு மஞ்சள் துண்டை எடுத்து என் தோளில் போட்டார்கள். அபி அதைத் தொலைபேசியில் படம் பிடித்தாள்.

குணா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு நான் காரணம் இல்லை. போன வருடம் அவர் நெஞ்சில் குழாயோடு ஒன்பது நாள் படுத்திருந்தார். அதற்குத்தான் நான் காரணம்.

2

என் வேலை என்ன என்று ஊரில் பலருக்குத் தெரியாது. 'ஆஸ்பத்திரியில் ஏதோ பெரிய வேலை' என்று என் அம்மா சொல்லிக்கொள்வாள். பெரிய வேலை இல்லை. பயாப்சி என்று நோயாளியின் உடம்பிலிருந்து துளி சதை எடுப்பார்கள் அல்லவா, அது என் கைக்கு வரும். ஃபார்மலினில் ஊறவைத்து, தண்ணீர் நீக்கி, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிக் கொடுப்பேன். டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவார். நான் கொடுப்பதைத்தான் அவர் பார்க்க முடியும். என் பெயர் ரிப்போர்ட்டில் எங்கும் வராது.

முன்பெல்லாம் புற்றுநோயா இல்லையா என்று சொன்னால் போதும். இப்போது அந்தச் சதையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற மாத்திரை தருகிறார்கள். அதனால் எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் கணக்கு வந்துவிட்டது. எடுத்த எத்தனையாவது நிமிடத்தில் ஃபார்மலினில் விழுந்தது, எத்தனை மணி நேரம் ஊறியது, திரவம் சதையைப்போல் பத்து மடங்காவது இருந்ததா, ஒருவருடையதைச் சீவிய பிளேடு மாற்றப்பட்டதா. குறைய ஊறினால் அழுகும், அதிகம் ஊறினால் டிஎன்ஏ துண்டு துண்டாகும்.

ஊரில் ஓர் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் நான் நாலு வருடம் இருந்தேன். அங்கே சதையைக் கொண்டுவருவது நோயாளியின் வீட்டார்தான். ஒரு நாள் ஒருவர் தன் மனைவியின் மார்பிலிருந்து எடுத்த கட்டியை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, குழாய்த் தண்ணீர் ஊற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் நாற்றம். "கெட்டுப்போச்சு, நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்றேன். அவர், "உப்பு போட்டிருந்தா தாங்கியிருக்குமா சார்?" என்று கேட்டார். இந்தக் கதையை நான் பினாங்கில் எத்தனை விருந்துகளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உப்பு என்ற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அபிக்குக்கூட அது மனப்பாடம்.

3

போன வருடம் தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, குணாவின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுத்த துண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. நுரையீரலில் ஒரு நிழல் இருந்தது, இடுப்பிலும் இருந்தது. எலும்பில் எடுப்பது சுலபம் என்று அங்கே எடுத்திருந்தார்கள்.

அன்று மதியமே வசந்தா எங்கள் முகப்பில் வந்து நின்றார். வேறொரு தாளுக்காக வந்தவர், நான் தொலைபேசியில் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டார்.

"அண்ணே, நீங்க தமிழ்நாடா?"

"ஆமா."

"நம்ம ஆளு ஒருத்தரு உள்ள இருக்காருன்னு இப்பத்தாண்ணே தைரியமா இருக்கு. ரிப்போர்ட்டு எப்பண்ணே வரும்?"

எலும்பு என்பதால் அடுத்த வாரம் ஆகும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"வியாழக்கெழம பூசம்ணே. நான் பால்கொடம் எடுக்குறேன். முருகங்கிட்ட என்னாத்த கேக்குறதுன்னு தெரியணும்லே. அது இல்லன்னு கேக்கறதா, அது இருந்து கொறையணும்னு கேக்கறதா. தெரியாம எப்படிண்ணே மலையேறுறது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இங்கே வந்ததிலிருந்து நான் யாருக்கும் எதுவும் செய்து கொடுக்கக்கூடிய இடத்தில் இருந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, 'இந்த ஆள் எங்களுக்குத் தேவை' என்று மேலதிகாரி எழுதிய கடிதத்தை நீட்டி, வேலை பாஸ் வாங்கி இருப்பவன். அன்று ஒரு தமிழ்ப் பெண் என்னை நம்பி நின்றதும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

"புதன்கிழமை வாங்கம்மா. பாக்கலாம்" என்றேன்.

எலும்பு கடினம், அப்படியே சீவினால் பிளேடு பல்லிளிக்கும். அதில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்தாக வேண்டும். அதற்கு இரண்டு திரவங்கள் உண்டு. ஈடிடிஏ என்பது மெதுவாக, நாள் கணக்கில் கரைக்கும், டிஎன்ஏ-வுக்குக் கெடுதல் செய்யாது. ஆசிட் சில மணி நேரத்தில் கரைத்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்க அதில் குறையொன்றும் தெரியாது, ஆனால் டிஎன்ஏ சிதைந்துபோகும். நுரையீரல் புற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் ஈடிடிஏ-தான் என்று எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தத் துண்டை ஆசிட்டில் போட்டேன்.

புதன் மாலை ரிப்போர்ட் வந்தது. நுரையீரல் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருக்கிறது. டாக்டரின் அறையிலிருந்து அழுத கண்ணோடு வந்த வசந்தா முகப்பில் நின்று எனக்குக் கும்பிடு போட்டார். "இப்ப தெரிஞ்சிடுச்சுண்ணே. என்னா கேக்கறதுன்னு தெரிஞ்சிடுச்சு." நான் பெருமையாகத் தலையாட்டினேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

4

அடுத்த வாரம், குணாவின் எலும்புத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியை மரபணுச் சோதனைக்காகத் தலைநகரில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுடைய படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: எலும்பு கரைக்கப்பட்டதா, எந்தத் திரவத்தால்? ஆசிட் என்று எழுதினால் சோதனை செய்யாமலே திருப்பிவிடுவார்கள். ஏன் ஆசிட் என்று இங்கே விசாரணை வரும்.

என் பாஸ் புதுப்பிக்க அது கடைசி மாதம். மேலதிகாரியின் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை. கொஞ்ச நேரம்தானே ஆசிட்டில் இருந்தது, தப்பித்தாலும் தப்பிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈடிடிஏ என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றும் நன்றாகவே இருந்தது.

அதே வாரம் வீட்டில் ஒன்று நடந்தது. அபிக்குப் பள்ளியில் ஓர் அறிவியல் பயிற்சி. அவரை விதை முளைத்து நாளுக்கு எவ்வளவு வளர்கிறது என்று அளந்து அட்டவணை போட வேண்டும். மூன்று நாள் அளக்க மறந்துவிட்டு, மனசுக்குத் தோன்றிய எண்ணை எழுதியிருந்தாள். நான் கண்டுபிடித்துவிட்டேன். டீச்சருக்குத் தெரியாது, மதிப்பெண்ணும் போட்டாயிற்று. ஆனாலும் விடவில்லை.

"லெட்டர் எழுது. என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன், யாருக்குக் கஷ்டம். மூணு வரி போதும்."

"யாருக்கும் கஷ்டம் இல்லப்பா. அது அவரச்செடி லா."

"எழுது."

அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தாள். அடுத்த நாள் டீச்சர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, இப்படி ஓர் அப்பாவைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். அதையும் உங்களுக்கு எழுதினேன், நினைவிருக்கும். பொய்யை அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கையால்தான் அதை எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. டிஎன்ஏ போதவில்லை, தரமும் இல்லை, புதிதாகச் சதை எடுத்து அனுப்பவும். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, எந்தத் திரவம் என்று கேட்டார். ஈடிடிஏ என்றேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கணினியைப் பார்த்தபடியே, "அப்படியானால் எடுத்த அளவு குறைவு" என்று பதிவு செய்துவிட்டார். என் பாஸ் கடிதத்தில் அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது முறை ஊசியை நுரையீரலிலேயே போட்டார்கள். அங்கே போட்டால் சிலருக்குக் காற்றுக் கசியும். குணாவுக்குக் கசிந்தது. ஒரு பக்க நுரையீரல் சுருங்கி, விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். ஒன்பது நாள். அந்த இரண்டாவது துண்டை நான் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். சதை எடுக்கும் அறை வாசலிலேயே ஃபார்மலினோடு நின்றேன். நேரம் குறித்தேன். பிளேடை இரண்டு முறை மாற்றினேன். வார்டுக்கு மட்டும் போகவில்லை. அந்தப் பக்கம் போகிற லிஃப்டைக்கூடத் தவிர்த்தேன்.

முடிவு வந்தது. மாத்திரைக்கு அடங்கும் வகை. அந்த மாத்திரையில்தான் குணா இன்று உட்கார்ந்திருக்கிறார். முதல் துண்டு ஒழுங்காக இருந்திருந்தால் அதை ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே விழுங்கியிருப்பார்.

5

பந்தலுக்கு வருகிறேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சீராப் குடிக்கிறேன். அப்படியே கழன்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். குணா பேச ஆரம்பித்தார்.

"நீங்க சரியா செஞ்சீங்கண்ணே. தப்பு எம்மேலதான்."

"என்ன தப்பு?"

"மொத வாட்டி இடுப்புல எடுக்கறப்ப டாக்டரு இன்னும் ஒரு துண்டு எடுக்கணும்னாரு. எனக்குத் தாங்கல. போதும் டாக்டர், போதும்னு கத்திட்டேன். அதனாலதான் சாம்பள் பத்தாமப் போச்சு. இவ இன்னும் சொல்லிக் காட்டுவா."

"பின்ன என்னா" என்றார் வசந்தா, ஜக்கை நிரப்பியபடி. "கொஞ்சம் பொறுத்திருந்தா அந்த டியூப்பே வேணாம். ஊசிக்குப் பயந்துக்கிட்டு. லோரி ஓட்டுற ஆளு லா இவரு."

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குணாவும் சிரித்தார். குற்றம் செய்தவன் பழகிப்போய்ச் சிரிக்கிற சிரிப்பு. ஒரு வருடமாக இந்த மனிதர் என் குற்றத்தைத் தன்னுடையது என்று நினைத்து வைத்துக்கொண்டு, மனைவியிடம் திட்டும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்கு அந்த ஊறுகாய் பாட்டில்காரர் ஞாபகம் வந்தார். விருந்துகளில் சொல்லும்போது நான் விட்டுவிடுகிற ஒன்று அந்தக் கதையில் உண்டு. அந்த வாரம் வார்டில் ஃபார்மலின் தீர்ந்துபோயிருந்தது. அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான், "நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

"குணா, சாம்பிள் பத்தாம இல்ல" என்றேன். "போதுமான அளவு இருந்தது. நான் கெடுத்துட்டேன்."

ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து மறுபடி சொன்னேன். ஆசிட்டைச் சொன்னேன், படிவத்தைச் சொன்னேன், மேலதிகாரியிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். பக்கத்தில் அபி நின்றாள் என்பதை நடுவில்தான் கவனித்தேன். அப்போது நிறுத்த முடியவில்லை.

குணா என்னை அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டியா? எம்மேல தப்பு இல்லையாம்."

வசந்தா சிரிக்கவில்லை. "நாந்தானே பூசத்துக்குள்ள வேணும்னு கேட்டேன். அப்ப நாந்தான் இவருக்கு…"

"இல்லம்மா" என்றேன். "சீக்கிரம் வேணும்னு கேக்கறதுல தப்பே இல்ல. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் ஃபாரத்துல பொய் எழுதினேன். அத எழுதச் சொல்லி நீங்க கேக்கல."

வசந்தா தன் இடது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே லேசான தழும்பு. "டியூப எடுக்கறப்ப வலி தாங்காம கடிச்சிட்டாரு. அப்பவும் நான் இவரத்தான் திட்டுனேன்."

அதில் 'அண்ணே' இல்லை. வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் ஜக்கை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு ஊற்ற ஆரம்பித்தார். நான் துண்டை மடித்து நாற்காலிக் கையில் வைத்தேன். குணா என் கையை ஒருமுறை பிடித்து, பிறகு விட்டுவிட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

6

திரும்பும்போது அபி எனக்கு முன்னால் நடந்தாள். பேருந்து நிறுத்தம் வந்ததும் கேட்டாள்.

"இத ஆஸ்பத்திரியில சொன்னா பாஸ் போய்டுமா?"

"போகலாம்."

"அப்ப நாம ஊருக்குப் போயிடணுமா?"

"போக வேண்டி வரலாம்."

ஊர் என்பது அவளுக்கு விடுமுறையில் பத்து நாள் போய்க் கொசுக்கடி வாங்கித் திரும்புகிற இடம். அவளுடைய பள்ளி, தோழிகள், அவரைச்செடி எல்லாம் இங்கேதான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காகத்தான் துடைத்தாள் என்று நினைக்க ஆசைதான். பேருந்தில் வரும்போது, ஊறுகாய் பாட்டில் கதையில் நான் விட்டுவிடுகிறதையும் அவளிடம் சொன்னேன்.

சாயங்காலம் அவளே என் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தாள். "என்னா செஞ்சேன், ஏன் செஞ்சேன், யாருக்குக் கஷ்டம்" என்றாள். "மூனு வரி போதும்னு சொன்னீங்கல்ல."

மேலதிகாரிக்கு எழுதினேன். முதல் வரி சீக்கிரம் வந்தது. இரண்டாவது வரியை ஏழெட்டு முறை அடித்துத் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் அது என்னை நல்லவனாக்கப் பார்த்தது. மூன்றாவது வரியில் குணா, வசந்தா இரண்டு பேர் பெயரையும் எழுதினேன். அபி பின்னால் நின்று படித்தாள். நாளைக் காலையில் அனுப்புகிறேன் என்றேன். அவள் நகரவில்லை. அப்போதே அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் உங்களுக்கும் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அனுப்பிய பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூனாவது வரியில இன்னொருத்தரு வரணுமே. அந்த ஊறுகா பாட்டல் அங்கிள். அவரு பேரு என்னாப்பா?"

பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.